நினைவுத்தாளில் இல்லாத தகப்பன்



உங்கள் வீட்டில் மரித்தோரின் நினைவுத்தாள் ஏதேனும் இருக்குமானால், அதை எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டு இதை வாசியுங்கள். அது வேதாகமத்தின் பின்னட்டைக்குள் செருகப்பட்டிருக்கும். அல்லது குடும்ப அட்டையும் வங்கிப் புத்தகமும் இருக்கும் தகரப்பெட்டியில் கிடக்கும். மேலே ஒரு புகைப்படம். அதன் கீழே அன்புக் கணவர், பாசமிகு தந்தை, அருமைத் தாத்தா என்று மூன்று பெயர்கள். பிறந்த நாள், கர்த்தருக்குள் நித்திரையடைந்த நாள். ஒரு வசனம். முடிவில் மனைவி, மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகளின் பெயர்கள். புகைப்படத்தை மறைத்துக்கொண்டு வாசித்தால் அது எந்த வீட்டுத் தாத்தாவுக்கும் பொருந்தும்.

அப்படிப்பட்ட தாள்களை எழுதிக் கொடுப்பவர்களில் அடியேனும் ஒருவன். ஹைதராபாத்தின் வடபுறத்தில், ஜீடிமெட்லா தொழிற்பேட்டையை ஒட்டி வாழும் தமிழ்க் குடும்பங்களின் நடுவில் ஊழியம் செய்கிறேன். ஷாப்பூர் நகர், சிந்தல், சுசித்ரா, கஜுலராமாரம் ஆகிய பகுதிகளில் சிதறியிருக்கும் நம்முடைய ஜனங்களில் பெரும்பாலோர் திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். எழுபதுகளில் தொழிற்பேட்டை உருவானபோது இளைஞர்களாக வந்து, மருந்துத் தொழிற்சாலைகளிலும் வார்ப்படச் சாலைகளிலும் லேத் பட்டறைகளிலும் உழைத்த முதல் தலைமுறை இப்பொழுது ஒவ்வொருவராய் நம்மைவிட்டுக் கடந்துபோகிறது. ஆகவே எனக்கு இந்த எழுத்து வேலை கூடிக்கொண்டே வருகிறது. பழக்கத்தினால் கை தானாக எழுதுகிறது என்பதையும் வெட்கத்தோடு ஒப்புக்கொள்ளுகிறேன்.

சென்ற ஆண்டு எங்கள் சபையின் மூப்பர் ஒருவர் மகிமைக்குள் பிரவேசித்தார். சுரண்டை பக்கத்துச் சிற்றூரில் பிறந்து, 1978ஆம் ஆண்டு இங்கே வந்து, ஒரு பட்டறையில் டர்னராக முப்பது வருஷங்களுக்கு மேல் வேலை செய்தவர். அவருடைய முதலாம் ஆண்டு நினைவு ஜெபத்துக்கென்று வழக்கம்போல ஒரு தாளை எழுதி, அச்சுக்குக் கொடுக்குமுன் அவருடைய மனைவியிடம் காண்பித்தேன். அந்தத் தாயார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முறை வாசித்தார்கள். பிறகு மெதுவாகக் கேட்டார்கள்: "எல்லாம் நல்லாத்தான் இருக்கு பாஸ்டர். ஆனா இதில அவுக எங்க இருக்காக?"

எனக்குப் பதில் வரவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, மறுநாள் வருகிறேன் என்று சொல்லிப் புறப்பட்டேன்.

அன்றிரவு ஆதியாகமம் 48ஆம் அதிகாரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேதாகமக் கல்லூரியில் பயின்ற நாட்களில் எப்பிராயீமுக்கும் மனாசேக்கும் கொடுக்கப்பட்ட ஆசீர்வாதத்தைப் பற்றித் தேர்வுகள் எழுதியிருக்கிறேன். வலதுகை ஏன் இளையவன்மேல் வந்தது என்பதே அப்பொழுது எங்களுக்குப் பெரிய கேள்வி. இந்த முறை என் கண்ணில் பட்டது வேறொன்று. யாக்கோபு எகிப்துக்கு வந்து பதினேழு வருஷங்களாகின்றன. வயது 147. கண் மங்கிவிட்டது. எதிரே நிற்கிற பேரப்பிள்ளைகள் அந்நிய தேசத்திலே பிறந்தவர்கள். அவர்களுடைய தாய் ஆஸ்நாத்து எகிப்திய ஆசாரியனின் மகள். இந்தப் பிள்ளைகளை ரூபனையும் சிமியோனையும் போல என்னுடையவர்கள் என்று கிழவர் சொந்தங்கொண்டாடுகிறார். அந்த வாய் மூடுமுன்னே, கேட்பாரில்லாமலே, ராகேலைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறார். பதானிலிருந்து வருகையில் வழியிலே அவள் மரித்தாள், எப்பிராத்தாவுக்குப் போகும் பாதையிலே அவளை அடக்கம்பண்ணினேன் என்கிறார். வியாக்கியானிகள் சிலர் அந்த வசனம் அங்கே ஏன் வருகிறது என்று தடுமாறுகிறார்கள். பேரன்மார் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் மனைவியின் கல்லறை நினைவுக்கு வந்த ஒரு முதியவரைப் பார்த்திருப்பவர்களுக்கு அதில் தடுமாற்றம் இராது. கணவரும் தகப்பனும் தாத்தாவும் ஒரே கட்டிலில் உட்கார்ந்திருக்கும் காட்சி அது. நம்முடைய தாள்களிலோ அந்த மூவரும் மூன்று சொற்களாக நின்றுவிடுகிறார்கள்.

அந்த மூப்பர் உயிரோடிருக்கையில் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு பெயர் உண்டு. "எங்க பக்கத்து ஊர்க்காரர்" என்று அவர் தொடங்கினாலே, தஞ்சை ஆபிரகாம் பண்டிதரைப் பற்றித்தான் பேசப்போகிறார் என்று சபையில் எல்லாருக்கும் தெரியும். பண்டிதர் பிறந்த சாம்பவர் வடகரை, சுரண்டையிலிருந்து சைக்கிளில் போய்வரக்கூடிய தூரந்தான். மூப்பரின் நினைவுத்தாளில் வழிதெரியாமல் நின்ற எனக்கு, அவர் ஓயாமல் சொன்ன அந்த மனிதருடைய குடும்பமே ஒரு வழியைக் காட்டியது. ஆகையால் பொறுமையோடு கேளுங்கள்.

ஆபிரகாம் பண்டிதர் 1859ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் தேதி முத்துசாமிக்கும் அன்னம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார். இளைஞனாக ஊரைவிட்டுப் புறப்பட்டுத் திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்றார். அங்கேயே சடையாண்டிப் பத்தரிடம் பிடில் கற்றார். புகைப்படக்கலையிலும் ஈடுபாடு கொண்டார். சுருளிமலையில் கருணானந்தர் என்னும் துறவியைச் சந்தித்து மூலிகை மருத்துவம் பயின்றார். 1882 டிசம்பரில் ஞானவடிவு பொன்னம்மாளை மணந்து, அடுத்த ஆண்டு தஞ்சாவூருக்குக் குடிபெயர்ந்தார். மேற்கு மலையடிவாரத்து மனிதர் காவிரிக்கரைக்குப் போனது அக்காலத்தில் சிறிய பயணமல்ல. பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்த நம்மில் ஒருவராகவே அவரை எண்ணிக்கொள்ளலாம்.

தஞ்சாவூரில் லேடி நேப்பியர் பெண்கள் பள்ளியில் கணவனும் மனைவியும் இருவருமே ஆசிரியர்களாகப் பணிசெய்தார்கள். இந்தச் செய்தியை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி உண்டாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில், ஒரே பள்ளிக்கு இருவரும் சேர்ந்து வேலைக்குப் போன தம்பதியர்! 1890ஆம் ஆண்டு அந்த வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் சித்த மருத்துவத்தில் இறங்கினார் பண்டிதர். அவருடைய கோரோசனை மாத்திரை கடல் கடந்தும் விற்பனையாயிற்று. ஊருக்கு வெளியே கருணானந்தபுரம் என்று பெயரிட்டு அவர் உண்டாக்கிய பெருந்தோட்டத்தை ஜனங்கள் பண்டிதர் தோட்டம் என்றே அழைத்தார்கள். 1909இல் அரசாங்கம் ராவ் சாகிப் பட்டம் கொடுத்தது. இவையெல்லாம் நினைவுத்தாளில் எழுதுவதற்கு ஏற்ற செய்திகள். ஆகவே இவற்றை வேகமாகக் கடந்துபோகிறேன்.

தங்கி நின்று பார்க்கவேண்டியது அவருடைய வீட்டுக்குள் நடந்த காரியத்தை. அக்காலத்தில் தஞ்சைச் சீமையில் கர்நாடக இசை கற்கிற பிள்ளைகளுக்குக் கிடைத்த பாடல்களில் பெரும்பாலானவை தெலுங்குக் கீர்த்தனைகள். பொருள் தெரியாமல் பாடும் தமிழ்ப் பிள்ளைகளுக்காகப் பண்டிதர் தாமே தமிழில் தொண்ணூறுக்கும் மேற்பட்ட உருப்படிகளை இயற்றி, சுரக்குறிப்போடு 1907ஆம் ஆண்டு வெளியிட்டார். (எங்கள் சபையில் நிலைமை தலைகீழ். தெலுங்குப் பாடல் என்றால் எங்கள் பிள்ளைகள் பொருளோடு பாடுகிறார்கள். தமிழ்ப் பாடல் என்றால்தான் திரையைப் பார்த்துக்கொண்டு வாயசைக்கிறார்கள். பண்டிதர் இருந்திருந்தால் என்ன செய்திருப்பாரோ!)

பிறகு சுருதி ஆராய்ச்சி அவரைப் பிடித்துக்கொண்டது. கீழ்ச் சட்ஜத்திலிருந்து மேல்சட்ஜம் வரைக்கும் உள்ள இடைவெளியில் 22 சுருதிகள் என்பது வடமொழி நூல்களைப் பின்பற்றியோரின் கொள்கை. சிலப்பதிகாரத்தையும் அதன் உரைகளையும் ஆராய்ந்த பண்டிதர், பழந்தமிழர் அதைப் பன்னிரண்டாகவும் இருபத்து நான்காகவும் சமமாய்ப் பகுத்தனர் என்று நிலைநாட்ட முற்பட்டார். 1912 தொடங்கித் தஞ்சாவூரில் தம்முடைய சொந்தச் செலவிலேயே ஏழு இசை மாநாடுகளைக் கூட்டினார். 1916ஆம் ஆண்டு பரோடாவில் அகில இந்திய இசை மாநாடு நடந்தபோது தம்முடைய முடிவுகளை எடுத்துரைக்கப் போனார்.

தனியாகவா போனார்? இங்கேதான் வாசகர்கள் கவனிக்கவேண்டும். இந்தியாவின் பல பாகங்களிலிருந்தும் வந்திருந்த அறிஞர்கள் அந்தச் சபையில் கூடியிருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் பண்டிதரின் கணக்கைப் பாடியும் வாசித்தும் மெய்ப்பித்துக் காட்டியவர்கள், அவருடைய மகள் மரகதவல்லி உட்பட அவர் வீட்டுப் பெண்கள். பெண்பிள்ளைகள் மேடையேறுவதை ஊர் எப்படிப் பார்க்கும் என்று பயந்த காலம் அது. அந்தத் தகப்பனோ தம்முடைய ஆயுள்கால உழைப்பை மகளின் குரலிலும் விரலிலும் ஒப்படைத்தார். எல்லா அறிஞர்களும் அவருடைய முடிவை ஏற்றுக்கொள்ளவில்லை. அது வேறு காரியம். மகளை நம்பினார் என்பதே நான் சொல்லவருவது.

1917ஆம் ஆண்டு, ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட கருணாமிர்த சாகரம் முதற்புத்தகம் வெளிவந்தது. இரண்டு வருஷங்களுக்குப் பிறகு, 1919 ஆகஸ்டு 31ஆம் தேதி, அறுபது வயதில் பண்டிதர் மரித்தார். முதல் மனைவி பொன்னம்மாள் அதற்கு முன்பே, 1911இல், காலமாகியிருந்தார். இரண்டாம் புத்தகம் அச்சேறாமலே கிடந்தது.

எத்தனை வீடுகளில் இப்படிப்பட்ட கட்டுகள் கிடக்கின்றன! தகப்பன் எழுதி வைத்தார் என்று மரியாதையோடு சொல்லுவோம், பரணில் வைப்போம், வீடு மாறுகையில் பழைய பேப்பர்காரனுக்குப் போய்விடும். பண்டிதர் வீட்டில் அப்படி நடக்கவில்லை. பரோடாவில் தகப்பனுக்காக நின்ற அதே மரகதவல்லி அம்மையார், 1946ஆம் ஆண்டு அந்த இரண்டாம் புத்தகத்தை வெளியிட்டார். கணக்கிட்டுப் பாருங்கள்: தகப்பன் மரித்து இருபத்தேழு வருஷங்கள். நடுவிலே ஓர் உலகப்போர் வந்துபோயிற்று; அச்சுத்தாளுக்கும் தட்டுப்பாடு நிலவிய காலம். பரோடா போனபோது இளம்பெண்ணாயிருந்தவர், முதுமையின் வாசலில் நின்று தகப்பனுடைய வேலையை முடித்தார்.

மகன் வரகுணபாண்டியன் வேறொரு விதமாக நினைவுகூர்ந்தார். விபுலானந்த அடிகளின் யாழ்நூல் 1947இல் வெளிவந்து தமிழுலகம் முழுவதும் பேசப்பட்டது. அதன் முடிவுகளோடு மாறுபட்டு, பழந்தமிழரின் யாழே வீணை என்று வாதாடி, 1950ஆம் ஆண்டு பாணர் கைவழி என்னும் யாழ்நூலை வெளியிட்டார் வரகுணபாண்டியன். தகப்பன் ஒரு பெரிய கருத்தை எதிர்த்து நின்றதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, தானும் அப்படியே நின்றான். பேரன் தனபாண்டியன் தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இசைத்துறைப் பேராசிரியராயிருந்து, நுண்ணலகுகளும் இராகங்களும் என்ற நூலை எழுதினார். நுண்ணலகு என்பது வேறொன்றுமில்லை. தாத்தா உறக்கத்தைத் தொலைத்துத் தேடிய அதே சுருதிதான்.

மகள் அச்சிட்டாள், மகன் வாதாடினான், பேரன் பாடம் சொன்னான். பண்டிதருக்கு இவர்கள் நினைவுத்தாள் எழுதினார்களோ இல்லையோ, அவர் விட்ட இடத்தில் வேலையைக் கையில் எடுத்தார்கள். நம்முடைய தகப்பன்மார் பண்டிதர்களல்லவே, அவர்கள் விட்டுச்செல்ல என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் எண்ணினேன். அந்த எண்ணத்தோடேதான் மறுநாள் மாலையில் மூப்பரின் வீட்டுக்குப் போனேன்.

தாளையும் பேனாவையும் ஒதுக்கி வைத்துவிட்டு, "அம்மா, நீங்கள் சொல்லுங்கள், நான் கேட்கிறேன்" என்றேன். முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு, இரவு ஷிப்ட் முடிந்து வரும்போது பிள்ளைகள் விழித்துக்கொள்ளக்கூடாதென்று சைக்கிளைத் தெருமுனையிலிருந்தே தூக்கிக்கொண்டு வருவார் என்றார்கள். எழுதத் தெரியாத தொழிலாளர்களுக்கு ஊருக்கு மணியார்டர் நிரப்பிக் கொடுப்பாராம். அந்தப் படிவத்தின் அடியில் இரண்டு வரி எழுத இடமிருக்கும் அல்லவா, அந்த இரண்டு வரியில் என்ன எழுதுவது என்று அவர்களைவிட இவரே அதிகம் யோசிப்பாராம். இரும்புத்தூள் ஏறின விரலால் மல்லிகைப்பூவைத் தொட்டால் கறுத்துப்போகும் என்று, பூவை இலையோடு கொடுத்துவிட்டு விலகி நிற்பாராம். இதைச் சொல்லும்போது அந்தத் தாயார் முகத்தில் ஒரு வெட்கம் வந்துபோயிற்று. இருபது வருஷங்கள் அந்த வீட்டில் ஜெபித்திருக்கிறேன். அந்தக் கணவரை அன்றுதான் சந்தித்தேன்.

பிறகு ஒரு காரியத்தைச் சொன்னார்கள். "மக விஷயத்தையும் எழுதணும் பாஸ்டர்."

எனக்கு நெஞ்சு திக்கென்றது. காரணத்தை உங்களிடம் மறைக்கமாட்டேன். அவர்களுடைய மகள் ஒரு தெலுங்கு வாலிபனை விரும்பி மணந்தாள். பையன் இரட்சிக்கப்பட்டவன், ஞானஸ்நானம் பெற்றவன், குடிப்பழக்கமில்லாதவன், நல்ல வேலையில் இருந்தவன். அவனிடத்தில் இருந்த ஒரே குறை, அவன் நம்முடைய ஆளல்ல என்பதுதான். தகப்பனார் திருமணத்துக்குப் போகவில்லை. மூன்று வருஷங்கள் மகளோடு பேசவுமில்லை. சுவிசேஷத்துக்கு மொழியும் சாதியும் கிடையாதென்று ஞாயிறுதோறும் பிரசங்கித்த நான், மூப்பரின் மனம் புண்படக்கூடாதென்று அந்தத் திருமணத்துக்குப் போகாமல் இருந்துவிட்டேன். அவர் என்னிடம் ஆலோசனை கேட்ட நாளில், கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று சொல்லி நழுவிக்கொண்டேன். ஆஸ்நாத்தின் பிள்ளைகளைப் பற்றி நான் எழுதிய தேர்வுகளுக்கு நல்ல மதிப்பெண் கிடைத்திருந்தது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

அவருடைய மௌனத்தை உடைத்தது என்னுடைய பிரசங்கமல்ல. பேரன் பிறந்து ஒன்பது மாதமாயிருக்கையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில், யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி மகள் வீட்டுக்குப் போய்விட்டார் மூப்பர். கதவைத் திறந்த மருமகனிடம் தெலுங்கில் ஒரே வாக்கியம் சொன்னாராம். முப்பது வருஷங்களாகப் பட்டறையில் தெலுங்கு பேசியவருக்கு அன்றைக்கு அந்த ஒரு வாக்கியமும் தப்பும் தவறுமாக வந்தது என்று மருமகனே என்னிடம் பிற்பாடு சொன்னார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு மணிநேரம் அழுதாராம். மகளிடம் மன்னிப்புக் கேட்டாராம்.

"அதை எழுதினால் அவருடைய பெயருக்குக் குறைவல்லவா, அம்மா?" என்றேன். சத்தியமாகவே சொல்லுகிறேன், என் பெயருக்குக் குறைவு என்றே நான் பயந்தேன்.

"எழுதலேன்னா அவுக அந்தப் பஸ்ஸில ஏறினதும் இல்லாமப் போயிருமே" என்றார்கள்.

ஆகவே எழுதினேன். முதல் தாளில் பதினான்கு வரிகள் இருந்தன. இரண்டாவது தாள் நான்கு பக்கமாயிற்று. சைக்கிள், மணியார்டர், மல்லிகைப்பூ, மூன்று வருஷ மௌனம், அந்தப் பஸ் எல்லாம் அதில் உண்டு. மேய்ப்பன் போகாமலிருந்த திருமணம் என்றும் ஒரு வரி உண்டு; அதைச் சேர்க்கவேண்டுமென்று மகளிடம் நானே கேட்டுக்கொண்டேன். அச்சகத்துத் தம்பி, செலவு கூடுமே ஐயா என்றான்.

நகரத்துக்கு வந்து வேரூன்றிய குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். தாத்தாமார் உயிரோடிருக்கும்போதே கேளுங்கள். இந்த ஊருக்கு எந்த வருஷம் வந்தீர்கள், கையில் என்ன இருந்தது, முதல் இரவு யார் வீட்டுத் திண்ணையில் படுத்தீர்கள் என்று கேளுங்கள். பாட்டியைத் தனியாக உட்காரவைத்துக் கேளுங்கள். தாத்தா பக்கத்திலிருந்தால் அவர்கள் பாதிதான் சொல்வார்கள். செல்போனில் பதிவு செய்யத் தெரிந்த பிள்ளைகள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். யோர்தானிலிருந்து எடுத்த பன்னிரண்டு கற்களை யோசுவா நாட்டினபோது, இந்தக் கற்கள் என்ன என்று பிள்ளைகள் பிற்காலத்தில் கேட்பார்கள் என்றுதானே சொல்லப்பட்டது? நம்முடைய பிள்ளைகள் கேட்பதற்குக் கல்லும் இல்லை. கேட்டால் வாசிக்கத் தமிழும் இல்லை.

இந்தக் கடைசி வார்த்தையைப் பற்றியே மூப்பரும் கவலைப்பட்டிருக்கிறார் என்பது நினைவு ஜெபத்தன்று எனக்குத் தெரிந்தது.

ஜெபம் அவர்கள் வீட்டிலேயே நடந்தது. இரண்டு மகன்களின் குடும்பங்களும், மகளும் மருமகனும் வந்திருந்தார்கள். பாடல் வேளையில், இப்பொழுது ஆறாம் வகுப்பில் படிக்கிற அந்தப் பேரன் ஒரு நீளமான கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு முன்னால் வந்தான். பழைய பட்டறை நோட்டு. முதல் சில பக்கங்களில் மரையின் அளவுகளும் மைக்ரோமீட்டர் கணக்குகளும் தமிழில் இருந்தன. அதற்கப்பால், வேலையை விட்டு நின்ற நாளிலிருந்து, அவர் ஒவ்வொரு பாடலாக எழுதிவந்திருக்கிறார். பாடல்கள் நம் வீட்டுக் குடும்ப ஜெபத்தில் பாடுகிற தமிழ்ப் பாடல்களே. எழுத்து மாத்திரம் தெலுங்கு. பேரனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதென்று, டர்னரின் பொறுமையோடு, தெலுங்கு எழுத்திலே தமிழை வார்த்தைக்கு வார்த்தை கடைந்து வைத்திருக்கிறார்.

முப்பத்தொன்றாம் பாடலின் நடுவில் அவருடைய கை நின்றுபோயிருந்தது. மூன்றாவது சரணத்திலிருந்து எழுத்து வேறு. மகளின் எழுத்து. அவள் தெலுங்குப் பள்ளியில் படித்தவள், அவருடையதைவிட அழகாயிருந்தது. நாற்பது வரைக்கும் எழுதி முடித்திருந்தாள். அந்த நோட்டைக் கையில் வாங்கிப் பார்த்தபோது எனக்கு 1946 நினைவுக்கு வந்தது. ஆனால் அதை அங்கே யாரிடமும் சொல்லவில்லை.

நோட்டின் முன்னட்டையில் தெலுங்கில் ஒரு குறிப்பு இருந்தது. மருமகன் எனக்கு வாசித்துக் காட்டினார். தெலுங்கில் ழகரத்துக்கு எழுத்தில்லை. ஆகையால் அந்த இடம் வரும்போதெல்லாம் ளகரத்தை எழுதி அதன் அடியில் ஒரு புள்ளி வைத்திருக்கிறார். புள்ளி வைத்த எழுத்தை எப்படிச் சொல்லவேண்டும் என்பதற்கு, ஆச்சியிடம் கேள் என்று எழுதியிருக்கிறார்.

பேரன் நன்றாகவே பாடினான். இரண்டாம் சரணத்தில் ஓர் எழுத்தின்மேல் விரலை வைத்து நிறுத்தினான். வீடு அமைதியாயிற்று. அவன் தலைதூக்கி ஆச்சியைப் பார்த்தான். அந்தத் தாயார் நாற்காலியில் இருந்தபடியே, நாவை மடித்து, மெதுவாக அந்த எழுத்தைச் சொன்னார்கள். அவன் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு, மேலே பாடினான்.